காட்டுத் தடமும் மிதிவண்டிச் சக்கரமும்

சில வாரங்களுக்கு முன்பு என் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து கடிதம் ஒன்று வந்தது. கோத்தகிரிக்கு அருகே இரண்டு ஏக்கர் தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர் அவர். பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைப்பதில்லை என்பது நீலகிரியின் சிறு விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் குறைதான். கடிதத்துடன் ஒரு மனுவின் நகலும் இருந்தது. தங்கள் ஊரை ஒட்டிய காப்புக்காட்டின் பழைய ஒற்றையடிப் பாதைகளை மலை மிதிவண்டி ஓட்டத்துக்குத் திறந்துவிட வேண்டும் என்று அரசைக் கேட்கும் மனு அது. 'ஐயா, ஆஸ்திரேலியாவில் செத்துக் கிடந்த ஓர் ஊரைச் சைக்கிள் பிழைக்க வைத்திருக்கிறது. பொருளாதாரம் படித்தவர் நீங்கள். உங்கள் கையொப்பமும் இதில் இருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தார்.

அந்த மனு பல நாள்கள் என் மேசைமீதே கிடந்தது. மலை மிதிவண்டி ஓட்டத்தை வசதி படைத்த இளைஞர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், அந்த மாணவரின் வீட்டில் அடுத்த தலைமுறை மலையில் தங்குமா, திருப்பூருக்கோ கோவைக்கோ இறங்கிவிடுமா என்ற கேள்வி அந்த மனுவுக்குள் இருந்தது. அதற்கு மரியாதையான பதில் சொல்ல வேண்டுமானால், அவர் சுட்டிக்காட்டிய ஊரின் கதையை முழுவதுமாகப் பார்த்தாக வேண்டும்.

இந்த விளையாட்டின் வரலாறு நெடியதல்ல. 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், டமால்பாய்ஸ் மலையடிவாரத்து இளைஞர்கள் சிலர் தடித்த சக்கரங்கள் கொண்ட பழைய மிதிவண்டிகளைத் தூக்கிக்கொண்டு மலையேறி, கரடுமுரடான மண்பாதைகளில் இறங்கிவரத் தொடங்கினார்கள். 1976இல் அங்கு நடந்த பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். ஒருமுறை இறங்கிவந்தாலே பின்சக்கரத் தடைக்கருவி சூடேறி, உள்ளிருக்கும் மசகு எரிந்துபோகும். மறுபடியும் மசகு அடைத்தால்தான் வண்டி ஓடும். அதனால் வந்த பெயர் அது. 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கெனவே ஒரு வண்டியை வடிவமைத்தார். அடுத்த இருபதாண்டுகளுக்குள், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது பதக்கப் போட்டியாகிவிட்டது.

இந்தியாவுக்கும் இது புதிதன்று. ஹிமாசலப் பிரதேசத்தில் 2005 முதல் மலை மிதிவண்டிப் பந்தயங்கள் நடைபெற்று வருகின்றன. 2022இல் லடாக்கின் லே நகரில் உலகக் கோப்பைச் சுற்று ஒன்று நடந்தது. 2023 அக்டோபரில் ஆசிய மலை மிதிவண்டி சாம்பியன் போட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே, திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியில் நடந்தது. ஆகவே, என் மாணவரின் கோரிக்கை நாளை பல மலையூர்களிலிருந்து வரப்போகும் கோரிக்கை.

அவர் குறிப்பிட்ட ஆஸ்திரேலிய ஊரின் பெயர் டெர்பி. டாஸ்மேனியாத் தீவின் வடகிழக்கில், ரிங்கரூமா ஆற்றங்கரையில் அமைந்திருக்கிறது. 1870களில் அப்பகுதியில் வெள்ளீயம் கண்டறியப்பட்டது. பிரைசீஸ் என்ற சுரங்கத்தைச் சுற்றி எழுந்த அந்த ஊரில் ஒரு காலத்தில் ஏறத்தாழ 3,000 பேர் வாழ்ந்தார்கள். 1929 ஏப்ரலில் பெய்த பெருமழையில் சுரங்கத்துக்கு நீர் தந்த அணை உடைந்து, 14 பேர் உயிரிழந்தனர். சுரங்கம் சில ஆண்டுகள் மூடிக் கிடந்து மீண்டும் திறக்கப்பட்டாலும், பழைய செழிப்பு திரும்பவில்லை. பிறகு ஒரேயடியாக மூடப்பட்டது. மரத்தொழிலும் தேய்ந்தபோது, ஊர் சில நூறு பேருக்குச் சுருங்கியது.

2015இல் அங்கே, அருகருகே உள்ள இரண்டு உள்ளாட்சி மன்றங்களின் முயற்சியிலும் மத்திய அரசின் நிதியுதவியிலும் 'புளூ டெர்பி' என்ற மிதிவண்டித் தடங்கள் திறக்கப்பட்டன. மரப்பெரணிகளும் மிர்ட்டில் மரங்களும் அடர்ந்த குளிர்மழைக்காட்டின் ஊடாக, கருங்கல் பாறைகளின் இடுக்குகள் வழியாக, இன்று நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் தடங்கள் அவை. உலகத் தரப் பந்தயங்கள் 2017, 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் அங்கு நடந்தன. மூடிக்கிடந்த வீடுகள் விடுதிகளாயின. உணவகங்கள் திறந்தன. பயணிகளையும் வண்டிகளையும் மலையுச்சிக்கு ஏற்றிச்செல்லும் வாகனத் தொழில் உருவாயிற்று. மாணவர் எழுதியதில் பிழை ஏதுமில்லை. ஆனால், எந்த நிலத்தில் அது நடந்தது, யார் செலவில் நடந்தது, எவை அங்கு இல்லாததால் நடந்தது என்ற மூன்று கேள்விகளை அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் நிலம். டெர்பியின் தடங்கள் தொடங்குவது தீண்டப்படாத கானகத்தில் அன்று. சுரங்கம் தோண்டிய பள்ளம் ஏரியாகிவிட்ட இடத்தைச் சுற்றியும், பழைய சுரங்கப் பாதையின் வழியாகவும், ஏற்கெனவே மரம் வெட்டப்பட்ட சரிவுகளின் ஊடாகவும் அவை செல்கின்றன. எஞ்சிய முதுகாட்டுக்குள்ளும் அவை நுழைகின்றன என்பது உண்மையே. ஆயினும், திட்டத்தின் அடித்தளம் மனிதன் ஏற்கெனவே பயன்படுத்திக் கைவிட்ட நிலம்தான். ஒரு நிலத்தின் மாற்றுப் பயன் குறைவாக இருக்கும்போது அதைப் புதிய பயன்பாட்டுக்குத் திருப்புவதன் செலவும் குறைவு. வாய்ப்புச் செலவு என்று பொருளியல் வகுப்பின் முதல் மாதத்திலேயே சொல்லித் தருகிறோம். அந்த மாணவருக்கும் நான்தான் சொல்லித் தந்தேன்.

இரண்டாவது, செலவு. டெர்பியின் தடங்களில் வண்டி ஓட்டக் கட்டணம் இல்லை. வருவோர் விடுதிக்கும் உணவுக்கும் மலையேற்றும் வாகனத்துக்கும் பணம் தருகிறார்கள். அந்த வருமானம் தனியார் கைக்குப் போகிறது. ஆனால், மழையில் அரிக்கப்பட்ட தடத்தைச் சீரமைப்பதும், விழுந்த மரத்தை அகற்றுவதும், அடிபட்டவரை மீட்பதும் பொதுச் செலவு. சிறிய உள்ளாட்சி மன்றம் ஒன்றின் வரி செலுத்துவோர் மீது இந்தச் சுமை விழும்போது, பயன் ஓரிடத்திலும் செலவு வேறிடத்திலும் சேர்கிறது. பயணிகள் தங்கும் வீடுகளுக்குக் கிராக்கி கூடும்போது, அங்கேயே வேலை செய்பவருக்கு வாடகை வீடு எட்டாக்கனியாவது எல்லாச் சுற்றுலா ஊர்களின் கதை. உதகையிலும் கொடைக்கானலிலும் இதை நாம் கண்ணால் கண்டுவருகிறோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. டெர்பியைச் சுற்றியுள்ள அரசுக் காடுகளில் மரம் வெட்டுவது தொடர்ந்தபோது, அதை எதிர்த்து நின்றவர்களில் மிதிவண்டி ஓட்டிகளும் இருந்தார்கள். தடங்களை ஒட்டிய மரங்களைக் காக்க ஓர் இயக்கமே உருவாகி, வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு அதே ஊரில் மரத்துக்காக யாரும் நீதிமன்றப் படியேறியிருக்க மாட்டார்கள். நிற்கும் மரத்தால் சிலருக்கு வாழ்வு கிடைக்கும்போது, அந்த மரத்துக்குப் பேச ஆள் கிடைக்கிறது. காட்டுக்குள் மக்களை விடவே கூடாது என்று வாதிடுவோர் இந்த உண்மையைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது கேள்வியில்தான் டெர்பியும் கோத்தகிரியும் முற்றிலுமாகப் பிரிகின்றன. டாஸ்மேனியக் காட்டில் வாலபியும் வாம்பாட்டும் உண்டு. நச்சுப் பாம்புகளும் உண்டு. யானை இல்லை. காட்டெருமை இல்லை. சிறுத்தை இல்லை. கரடி இல்லை. கோத்தகிரியிலோ கரடி ஊருக்குள்ளேயே வருகிறது. தேயிலைச் செடிகளுக்கிடையே காட்டெருமை மேய்கிறது.

காட்டில் நடந்து செல்பவரின் காலடி ஓசையும் பேச்சும் விலங்குகளுக்கு முன்னெச்சரிக்கை. அவை ஒதுங்கிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. மிதிவண்டி வேகமாகவும் ஓசையின்றியும் வருகிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். முன்னே 20 மீட்டர்தான் கண்ணுக்குத் தெரியும் என்ற வளைவில், ஓட்டுபவருக்கும் எதிரே நிற்கும் விலங்குக்கும் கிடைப்பது மூன்று நொடிக்கும் குறைவு. 2016 ஜூனில் அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில், காட்டுப் பாதை வளைவொன்றில் வேகமாக வந்த மிதிவண்டி ஓட்டி ஒருவர், எதிரே வந்த கிரிஸ்லி கரடியின் மீதே மோதி, அது தாக்கியதில் உயிரிழந்தார். வனத்தை நன்கு அறிந்தவர் அவர், வனத்துறையிலேயே பணியாற்றியவர். கரடிமீது குற்றமில்லை, அவர்மீதும் குற்றமில்லை. இருவருக்கும் நேரம் தரப்படவில்லை.

நம் காட்டில் அப்படியொரு மரணம் நிகழ்ந்தால் அது அத்துடன் முடிந்துவிடாது. யானையைப் பிடி, வேறிடத்துக்கு மாற்று என்ற குரல் எழும். விபத்துக்கான விலையை விலங்கும், அடுத்த நாள் அதே பாதையில் தேயிலை பறிக்கப் போகும் பெண்ணும் சேர்ந்து கொடுக்க நேரும். ஒருவரின் செயலுக்கான செலவு அதில் பங்கேற்காத மூன்றாம் தரப்பின் தலையில் விழுவதைப் புறவிளைவு என்கிறது பொருளியல்.

மண்ணையும் பார்க்க வேண்டும். தடம் அமைப்பதில் உலகெங்கும் பின்பற்றப்படும் விதி ஒன்று உண்டு. தடத்தின் சரிவு, அது கடக்கும் மலைச்சரிவில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. மலை 30 சதவீதம் சரிந்தால் தடம் 15 சதவீதத்துக்கு மேல் சரியலாகாது. முழுத் தடத்தின் சராசரி 10 சதவீதத்தைத் தாண்டலாகாது. அப்போதுதான் மழைநீர் தடத்தின் குறுக்கே வழிந்து ஓடும். தடத்தின் நெடுகே ஓடி மண்ணை அறுக்காது. என் மாணவரின் மனு கேட்பதோ பழைய ஒற்றையடிப் பாதைகள். விறகுக்கும் தேனுக்கும் குறுக்கு வழியாக மக்கள் ஏறி இறங்கிய செங்குத்துப் பாதைகள் பல அவற்றில் இருக்கும். கால்கள் மட்டும் பட்ட பாதையில் தடை பிடித்துச் சறுக்கும் சக்கரங்கள் இறங்கினால், இரண்டு பருவமழைகளையும் வாங்கும் கோத்தகிரி மலையில் அது எத்தனை காலம் பாதையாக இருக்கும், எப்போது ஓடையாகும் என்பதை யோசிக்க வேண்டும். சக்கரத்தில் ஒட்டும் சேறு வேரழுகல் நோயையும் களைவிதைகளையும் ஒரு காட்டிலிருந்து மறுகாட்டுக்குக் கடத்தும் என்பதால், ஆஸ்திரேலியாவில் வண்டியைக் கழுவிவிட்டு வரச்சொல்கிறார்கள்.

பிற நாட்டுச் சட்டங்களும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டம், பாதுகாக்கப்பட்ட வனாந்தரங்களில் இயந்திரப் போக்குவரத்து எதையும் அனுமதிப்பதில்லை. மிதிவண்டியும் அதில் அடக்கமே என்பதை 1984இல் அந்நாட்டு வனத்துறை விதியாகவே தெளிவுபடுத்தியது. அதற்கு நேர்மாறாக, ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்ளும் எவருக்கும் பெரும்பாலான நிலங்களில் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் உரிமை தருகிறது. ஓநாயும் கரடியும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அற்றுப்போன நாடு ஸ்காட்லாந்து என்பதை நினைவில் கொண்டால், இந்த வேறுபாடு வியப்பளிக்காது.

நம் நாட்டில் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதை 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் குற்றமாக்குகிறது. மறுபுறம், 2023இல் திருத்தப்பட்ட மத்திய வனப் பாதுகாப்புச் சட்டம், வன நிர்வாகத் திட்டங்களில் இடம்பெறும் சூழல் சுற்றுலா வசதிகளுக்கு விலக்கு அளித்திருக்கிறது. கதவு சற்றே திறந்திருக்கிறது. யார் நுழையலாம் என்பதை முடிவு செய்பவர் யார் என்பதுதான் இனி கேள்வி.

தமிழ்நாடு இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்ததில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகு வகுக்கப்பட்ட நெறிமுறைகளின் தொடர்ச்சியாகவே 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணையவழி முன்பதிவுடன் திறந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள், அவர்களில் பழங்குடி இளைஞர்கள் பலர், உடன் செல்கிறார்கள். தீப்பருவத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. மலையின் தாங்குதிறனுக்கும் வரம்பு உண்டு என்பதை உயர் நீதிமன்றமும் உணர்த்தியது. 2024 மே முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் நீலகிரிக்குள் நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது. சீகூர் பகுதியின் யானை வழித்தடத்தைக் காக்கும் அரசின் நடவடிக்கையை 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது, அந்த வழித்தடத்தில் ஏற்கெனவே விடுதிகள் எழுந்துவிட்டிருந்தன. முதலில் அனுமதித்துவிட்டுப் பிறகு அகற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்தும் கேள்வி ஒன்று உண்டு. தொலைதூரக் காடு என்று நகரத்தார் சொல்வது யாரோ ஒருவரின் வீட்டு வாசல். டாஸ்மேனியாவின் பூர்வகுடிகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களின் மண்ணிலிருந்து அகற்றிய பிறகே, அந்தக் காடு 'ஆளற்ற காடு' என்று பெயர் பெற்றது. நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொல்குடிகள் வாழ்கிறார்கள். விறகும் கிழங்கும் எடுக்கக் காட்டுக்குள் போகும் இருளர் மூதாட்டி ஒருவர் அதிகாரியைக் கண்டு ஒதுங்கி நிற்க வேண்டிய அதே பாதையில், பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள வண்டியில் நகரத்து இளைஞர் கட்டணச் சீட்டுடன் இறங்கி வருவாரானால், அந்தக் காட்சியை எந்தப் பொருளியலாலும் நியாயப்படுத்த முடியாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் தந்திருக்கிறது. என் மாணவர் அனுப்பிய மனுவில் கிராம சபை என்ற சொல்லே இல்லை.

காட்டின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்த காலம் உண்டு. ஓர் இடத்தைக் காண மக்கள் எவ்வளவு தொலைவிலிருந்து எவ்வளவு செலவழித்து வருகிறார்கள் என்பதை வைத்து அதன் மதிப்பை அறியலாம் என்று ஹெரால்டு ஹோட்டெலிங் 1947இல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைக்கு எழுதிய கடிதத்தில் யோசனை சொன்னார். அந்த முறையில் டெர்பிக்குப் பெருமதிப்பு கிடைக்கும். ஆனால், இருபதாண்டுகள் கழித்து, 1967இல், ஜான் குருட்டிலா என்ற பொருளியல் அறிஞர் ஒரு கட்டுரையில் வேறொன்றைச் சுட்டிக்காட்டினார். ஓர் இயற்கை அற்புதத்தை ஒருபோதும் நேரில் காணப் போகாதவரும், அது இருக்கிறது என்பதற்காகவே அதை மதிக்கிறார். அழிந்தால் மீட்க முடியாதது என்பதால் அந்த மதிப்பு கணக்கில் வர வேண்டும் என்றார். வருகை தந்தவர் எண்ணிக்கையை மட்டும் கூட்டுகிறவர்கள் இந்த இரண்டாவது கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே, மனுவில் நான் கையொப்பமிடவில்லை. ஆனால், மறுப்பு மட்டும் பதிலாகாது என்பதால் மாற்று வரைவு ஒன்றை எழுதி அனுப்பினேன். காப்புக்காட்டையும் விலங்குகளின் வழித்தடத்தையும் விட்டுவிடுங்கள். கோத்தகிரியைச் சுற்றிப் பராமரிப்பின்றிக் கிடக்கும் தேயிலைத் தோட்டங்களும், தோட்டங்களுக்கு இடையே ஓடும் பழைய வண்டித்தடங்களும் இருக்கின்றன. டெர்பியின் சுரங்கப் பள்ளத்துக்கு இணையான நிலம் நம்மிடம் அதுதான். சிறு விவசாயிகள் கூட்டாகச் சேர்ந்து தங்கள் நிலத்தின் வழியே தடம் அமைக்கட்டும். உரிய பொறியியல் விதிப்படி புதிதாக வெட்டப்பட்ட தடமாக அது இருக்கட்டும்.

கூடவே சில நிபந்தனைகளையும் எழுதினேன். தொடங்குமுன் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும். காலை வெளிச்சம் நன்கு வந்த பிறகு தொடங்கி, மாலை மங்குமுன் முடிய வேண்டும். விலங்கு நடமாட்டம் தெரிந்தால் அன்றே மூட வேண்டும். கண்பார்வை எட்டாத வளைவுகளில் வேகம் தானாகக் குறையும்படி தடத்தை வளைத்து அமைக்க வேண்டும். உள்ளூர் வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் கட்டணம் வசூலித்து, அதில் ஒரு பங்கைத் தடத்தின் பராமரிப்புக்கும் மீட்புப் பணிக்கும் என்று தனிக் கணக்கில் வைக்க வேண்டும். கடைசியாக, இரண்டு மழைக்காலம் கழித்து மண்ணையும் வருமானத்தையும் அளந்து பார்த்து, இழப்பு அதிகமென்றால் மூடிவிடும் துணிவு வேண்டும். மூடும் அதிகாரம் திறப்பவரிடம் இல்லாமல் கிராம சபையிடம் இருக்க வேண்டும்.

இதனால் வரும் வருமானம் டெர்பியை எட்டாது என்பது எனக்குத் தெரியும். தேயிலைக்கு நியாய விலை கிடைக்கச் செய்யும் கடமையிலிருந்து இது எவரையும் விடுவிக்கவும் கூடாது. சுரங்கம் ஒன்றையே நம்பி ஓர் ஊர் வீழ்ந்தது. அதே ஊர் இன்று சுற்றுலா ஒன்றையே நம்பி நிற்கிறது. இந்தக் கதையிலிருந்து நாம் கற்க வேண்டியது, ஒற்றைப் பிழைப்பின் ஆபத்தைத்தான். தோட்டத்துக்குத் துணை வருமானமாக இருக்கும் வரையில்தான் தடம் ஊருக்கு நல்லது.

பத்து நாள்கள் கழித்து மாணவர் தொலைபேசியில் பேசினார். குரலில் ஏமாற்றம் தெரிந்தது. 'காட்டுக்குள் ஓட்டத்தானே ஐயா வெளியூர்க்காரன் வருவான், தேயிலைக்குள் ஓட்ட வருவானா?' என்று கேட்டார். நியாயமான கேள்வி. வந்தாலும் வராவிட்டாலும் அந்த நட்டம் கணக்கிடக்கூடிய நட்டம். சில தடங்களை மூடிவிட்டுத் தேயிலைக்கே திரும்பலாம். காட்டுக்குள் தவறினால் திரும்பும் வழி இல்லை என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு என்னையும் வரச்சொன்னார். போகலாம் என்றிருக்கிறேன்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).